பெர்பெத்துவா: ஒரு பெயரின் ஆயுளும் ஒரு பெண்ணின் எழுத்தும்



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு பெயர்: பெர்பெத்துவா. இலத்தீன் மொழியின் பெண்பெயர்களுள் இன்று அரிதாகிவிட்ட ஒன்று. இந்தப் பெயரைத் தாங்கிய ஓர் இளம்பெண், கிறித்துவுக்குப் பின் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவில் ஒரு சிறையில் இருந்துகொண்டு தன் கையால் எழுதினாள். அவள் பெயருக்கு நேர்ந்தது ஒரு வரலாறு, அவள் எழுத்துக்கு நேர்ந்தது வேறொரு வரலாறு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

1. ரோமானியப் பெண்ணுக்குப் பெயர் ஏது?

ரோமானியக் குடியரசுக் காலத்தில் உயர்குடி ஆணுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருந்தன: தனக்கென ஒரு பெயர், குலப்பெயர், கிளைப்பெயர். பெண்ணுக்கோ பெரும்பாலும் ஒன்றுதான். தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி அவளுக்கு இட்டுவிடுவார்கள். மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோவின் மகள் துல்லியா. ஜூலியுஸ் சீசரின் மகள் ஜூலியா. சீசரின் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும்கூட ஜூலியாதான். வேறுபடுத்த வேண்டுமானால் பெரியவள், சிறியவள் என்றோ, மூன்றாமவள் என்றோ சேர்த்துக்கொண்டார்கள். பெயர், அந்தப் பெண் எந்தக் குலத்துச் சொத்து என்பதைச் சொன்னது. அவள் யார் என்பதைச் சொல்லவில்லை.

பேரரசுக் காலத்தில் இந்த வழக்கம் தளர்ந்தது. பெண்களுக்கும் குலப்பெயரோடு இன்னொரு பெயர் சேர்ந்தது. பொருளுள்ள சொற்களைத் தேர்ந்து பெற்றோர் இட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் விபியா பெர்பெத்துவா. விபியா என்பது இத்தாலியின் பழைய குலங்களுள் ஒன்றின் பெயர். பெர்பெத்துவா என்பது அவளுக்கே உரியது.

பெர்பெத்துவுஸ் என்ற இலத்தீன் உரிச்சொல்லின் பெண்பால் வடிவம் இது. ஊடே செல்லுதல், இலக்கை நோக்கிச் செல்லுதல் என்ற வேர்களிலிருந்து பிறந்து, நடுவில் அறுபடாமல் தொடர்வது என்ற பொருளுக்கு வந்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர் அறிந்த ஒரு தொடரில் இந்தச் சொல் இன்றும் ஒலிக்கிறது. இடைவிடாத சகாய மாதா என்று நவநாள் செபங்களில் சொல்கிறார்களே, அந்த ‘இடைவிடாத’ என்பதற்கு இலத்தீனில் உள்ள சொல் இதுவேதான். அழியாதவள் என்பதைவிட, அறுபடாதவள் என்பதே இப்பெயருக்கு நெருக்கமான தமிழ்.

2. கார்த்தேஜ், 203

இன்றைய துனிசியாவின் தலைநகருக்கு அருகே, கடலோரம், பழைய கார்த்தேஜ் நகரின் இடிபாடுகள் உள்ளன. கி.பி. 203இல் அது ரோம ஆப்பிரிக்காவின் தலைநகர். அப்போதைய பேரரசர் செப்திமியுஸ் செவேருஸ், இன்றைய லிபியாவில் உள்ள லெப்திஸ் மக்னாவில் பிறந்தவர். அந்த ஆண்டு, கிறித்தவத்தில் சேரத் தயாராகிவந்த சில இளைஞர்களைக் கைது செய்தார்கள். ரெவொகாத்துஸ், பெலிசித்தா, சத்துர்னினுஸ், செகுந்துலுஸ், பெர்பெத்துவா. அவர்களுக்குப் போதித்த சத்துருஸ் தானாகவே வந்து சரணடைந்தார்.

இந்தப் பெயர்ப் பட்டியலே ஒரு சமூக ஆவணம். முழுக் குலப்பெயரோடு குறிக்கப்படுபவள் விபியா பெர்பெத்துவா மட்டுமே. ரெவொகாத்துஸின் உடனடிமை என்று குறிக்கப்படும் பெலிசித்தாவுக்கு ஒரே பெயர். அதன் பொருள் நற்பேறு. அடிமைகளுக்கு இத்தகைய மங்கலப் பெயர்களை இடுவது ரோமானியரிடம் பரவலான வழக்கம். செகுந்துலுஸ் என்றால் சின்ன இரண்டாமவன். சத்துர்னினுஸ், ஆப்பிரிக்க மக்கள் பெரிதும் வழிபட்ட சத்துர்ன் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. பழைய தெய்வத்தின் பெயரைச் சுமந்துகொண்டே புதிய நம்பிக்கைக்காக இறந்தவர் அவர். பெயரின் பொருள் ஒருவரின் வாழ்வை முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இந்தச் சிறைக் கொட்டடியே சாட்சி.

பெர்பெத்துவாவுக்கு வயது ஏறத்தாழ 22. நல்ல குடியில் பிறந்தவள், முறையாகக் கல்வி கற்றவள், முறைப்படி மணமானவள், கையில் பால்குடி மாறாத ஆண்குழந்தை. அவளது சிறை நாட்களையும் இறப்பையும் கூறும் நூலில் 21 சிறு இயல்கள் உள்ளன. அவற்றுள் 3 முதல் 10 வரையிலானவை அவளே எழுதியவை. 11 முதல் 13 வரை சத்துருஸ் கண்ட காட்சி. மற்றவை, பெயர் சொல்லாத ஒரு தொகுப்பாளர் எழுதியவை. அவள் தன் கையால், தன் மனப்போக்கில் எழுதிவைத்ததை அப்படியே தருகிறேன் என்று அவர் உறுதி கூறுகிறார். கிறித்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் இது ஒன்று.

3. குடுவைக்கு வேறு பெயர் உண்டா?

அவள் எழுதிய பகுதி தொடங்குவதே பெயரைப் பற்றிய ஒரு வாக்குவாதத்தில்தான். தந்தை வருகிறார். மகள்மேல் உயிரை வைத்திருப்பவர். நம்பிக்கையை விட்டுவிடு என்கிறார். அவள் அங்கே கிடந்த ஒரு தண்ணீர்க் குடுவையைக் காட்டுகிறாள். இதை இது எதுவோ அந்தப் பெயரால் அல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார் தந்தை. அப்படியானால் நான் எதுவோ அதைத் தவிர வேறு எதுவாகவும் என்னை நான் சொல்லிக்கொள்ள முடியாது, நான் கிறித்தவள் என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் தந்தை கண்களைப் பிடுங்கிவிடுபவர்போல் பாய்ந்தார் என்று எழுதுகிறாள்.

பெண்ணுக்குப் பெயர் குலத்திலிருந்து வந்த சமூகம் அது. தந்தை கொடுத்த பெயரைத் தாங்கிய மகள், தந்தையின் முகத்துக்கு நேரே, தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்கிறாள். இதன் கனத்தை நாம் உணர வேண்டும். அதே வேளையில், அவள் தந்தையைக் கொடியவராகக் காட்டவில்லை. பின்னொரு நாள் அவர் மனமுடைந்து வருகிறார். தன் நரைத்த தலைக்கு இரங்கும்படி கெஞ்சுகிறார். கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். மகளே என்று அழைக்காமல், எசமானியை விளிக்கும் சொல்லால் அழுதுகொண்டே அழைக்கிறார். விசாரணை மேடையில், இறந்துபோன ஆளுநருக்குப் பதிலாகப் பொறுப்பேற்றிருந்த ஹிலாரியானுஸ், அந்த முதியவரைக் கோலால் அடிக்கச் செய்கிறான். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் வலித்தது என்று எழுதுகிறாள். உறவின் பாரம் முழுவதையும் உணர்ந்தே அவள் தன் முடிவில் நின்றாள்.

இந்த ஏட்டின் மேன்மை, அது உடலை மறைக்காத எழுத்து என்பதும்தான். இருட்டைக் கண்டு முதலில் அஞ்சினேன் என்கிறாள். நெரிசலின் வெக்கையையும், காவல் வீரர்கள் பணம் பறித்ததையும், பாலில்லாமல் சோர்ந்துபோன குழந்தையையும் எழுதுகிறாள். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் கையூட்டுக் கொடுத்து, சில மணி நேரம் நல்ல பகுதிக்கு மாற்றச் செய்கிறார்கள். அங்கே குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். பின்பு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள இசைவு கிடைத்ததும், சிறை தனக்கு அரண்மனையாகிவிட்டது என்கிறாள். தண்டனை உறுதியான பின் தந்தை குழந்தையைத் தர மறுக்கிறார். ஆனால் குழந்தை அதன்பின் பாலுக்கு ஏங்கவில்லை, தனக்கும் பால்கட்டி நோவு வரவில்லை என்று நிம்மதியோடு குறிக்கிறாள். அரசர்களையும் போர்களையும் எழுதிய ரோம வரலாற்றாசிரியர்களின் ஏடுகளில் நாம் காண முடியாத செய்தி இது.

4. வாயில் வந்த பெயர்

சிறையில் ஒருநாள் எல்லோரும் செபித்துக்கொண்டிருக்கையில், தன் வாயிலிருந்து திடீரென ஒரு பெயர் வந்தது என்று எழுதுகிறாள்: தினோக்ராத்தெஸ். ஏழு வயதில், முகத்தில் வந்த புற்றுநோயால் இறந்துபோன அவளுடைய தம்பி. அதுவரை அவன் தன் நினைவுக்கு வராததை எண்ணி வியந்துபோகிறாள். அன்றிரவே அவனைக் கனவில் காண்கிறாள். தாகத்தோடு நிற்கிறான், அருகே தண்ணீர்த் தொட்டி, ஆனால் அதன் விளிம்பு அவனுக்கு எட்டாத உயரம். நாள்தோறும் அவனுக்காக அழுது வேண்டுகிறாள். இன்னொரு காட்சியில் விளிம்பு அவன் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. முகத்தில் புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும். குடித்துவிட்டுக் குழந்தைகளுக்கே உரிய மகிழ்ச்சியோடு விளையாடப் போகிறான். தம்பிக்குக் கிரேக்கப் பெயர், அக்காவுக்கு இலத்தீன் பெயர். இரு மொழிகளும் புழங்கிய வீடு அது. சத்துருஸின் காட்சியிலும் அவள் கிரேக்கத்தில் பேசுவதாக வருகிறது.

தம்பியின் பெயரை இவ்வளவு அன்போடு பதிந்தவள், தந்தையின் பெயரைச் சொல்லவில்லை. தாயின் பெயரும் இல்லை. தன் குழந்தையின் பெயரும் இல்லை. கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எட்டாம் மாதத்திலேயே சிறையில் பெலிசித்தா பெற்றெடுத்த பெண்குழந்தையை ஒரு கிறித்தவச் சகோதரி மகளாக வளர்த்தாள் என்கிறார் தொகுப்பாளர். அந்தக் குழந்தையின் பெயரும் பதிவாகவில்லை. ஒரு பெயர் நிலைத்தால் அதைச் சுற்றி எத்தனை பெயர்கள் மறைகின்றன என்பதை நினைவில் வைப்பது ஆய்வாளரின் கடமை.

5. வெட்டி எடுக்கப்பட்ட பெயர்

பெர்பெத்துவாவும் உடனிருந்தோரும் அரங்கில் விலங்குகளின்முன் விடப்பட்ட நாள், பேரரசரின் இளைய மகன் கேட்டாவின் பிறந்தநாள் விழா. தொன்றுதொட்டு மார்ச் 7ஆம் நாள் அவர்களது நினைவுநாளாகக் கொள்ளப்படுகிறது. பெண்கள் இருவர்மேலும் வெறிகொண்ட ஒரு பசுவை ஏவினார்கள். தூக்கி எறியப்பட்ட பெர்பெத்துவா எழுந்து, கிழிந்த உடையைச் சரிசெய்தாள், அவிழ்ந்த கூந்தலை முடிந்தாள், கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கினாள். உயர்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் அந்த அரங்கில் அருகருகே நின்றார்கள். இறுதியில் பயிற்சியற்ற ஓர் இளம் வாள்வீரனின் வாள் எலும்பில் பட்டது. அலறிய அவள், தடுமாறிய அவன் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுசென்றாள்.

அதே 203ஆம் ஆண்டு ரோமாபுரியின் மன்றத்தில் செப்திமியுஸ் செவேருஸுக்கு ஒரு வெற்றி வளைவு எழுந்தது. தந்தையின் பெயரோடு மைந்தர்கள் கராகல்லா, கேட்டா இருவரின் பெயர்களும் வெண்கல எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. 211ஆம் ஆண்டு டிசம்பரில் கராகல்லா தன் தம்பியைக் கொல்லச் செய்தான். தாய் ஜூலியா தோம்னாவின் கண்ணெதிரே அந்தக் கொலை நடந்தது. பிறகு பேரரசு முழுவதும் கேட்டாவின் பெயரை அழிக்க ஆணை சென்றது. வளைவில் அவன் பெயர் இருந்த வரியைப் பெயர்த்துவிட்டு வேறு புகழ்ச்சொற்களைப் பதித்தார்கள். பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் இன்றும் அந்தக் கல்லில் தெரிகின்றன. பெர்லின் அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து கிடைத்த அரச குடும்ப ஓவியப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சிறுவனின் முகம் சுரண்டப்பட்டிருக்கிறது.

பிறந்தநாள் கொண்டாடப்பட்டவன் பெயரைப் பேரரசே தேடித்தேடி அழித்தது. அந்தக் கொண்டாட்டத்தில் கொல்லப்பட்டவளின் பெயர் நின்றது. கேட்டா எந்த நாளில் பிறந்தான் என்று ஆராய்வோர் இன்று இந்தச் சிறை ஏட்டையும் சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. கல்லும் வெண்கலமும் அதிகாரத்தின் கையில் உள்ளவை. அதிகாரம் கொடுத்த பெயரை அதிகாரமே எடுத்துக்கொள்ளும்.

6. பெயர் ஒலித்தது, ஏடு உறங்கியது

பெர்பெத்துவாவின் பெயர் நிலைத்ததற்குச் சான்றுகள் ஏராளம். சமகாலத்தவரான தெர்த்துல்லியன் தம் ஆன்மா பற்றிய நூலில் அவளது காட்சியைக் குறிப்பிடுகிறார். ரோமாபுரியின் 354ஆம் ஆண்டு நாள்காட்டியில் ஆப்பிரிக்க மறைசாட்சியரான இவ்விரு பெண்களின் நினைவுநாள் இடம்பெற்றுள்ளது. ரவென்னா நகரத் தேவாலயங்களின் வண்ணக்கல் ஓவியங்களில் அவள் முகம் உண்டு. 1907இல் கார்த்தேஜில் அகழ்வு செய்த தெலாத்ர் அடிகளார், இந்தக் குழுவினரின் பெயர்கள் பொறித்த கல்வெட்டுத் துண்டுகளைக் கண்டெடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரோமத் திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் ஏழு பெண்களின் பெயர்கள் தொடர்ச்சியாக வருகின்றன: பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா. 1960களில் தாய்மொழி வழிபாடு வரும்வரை, தமிழ்நாட்டின் கத்தோலிக்கக் கோவில்களிலும் நாள்தோறும் பீடத்தில் நின்ற குரு இந்தப் பெயர்களை இலத்தீனில் தாழ்குரலில் சொல்லிவந்தார். கேட்டும் கேளாமலும், பெர்பெத்துவா நம் ஊர்களிலும் ஒலித்தாள்.

அவள் எழுத்துக்கு நேர்ந்ததோ வேறு. முதல் இருநூறு ஆண்டுகள் ஆப்பிரிக்கத் திருச்சபையில் அதை அவளது நினைவுநாளில் வாசித்தார்கள். ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் அவ்விழாக்களில் மறையுரை ஆற்றியிருக்கிறார். இரு பெண்களின் பெயர்களையும் இணைத்து, எல்லா மறைசாட்சியரும் பெறும் பரிசின் பெயரே இவர்கள் பெயராக அமைந்துள்ளது, அறுபடாத பேரின்பம், என்று நயம் காண்கிறார். அழகான நயம்தான். ஆனால் அதே அகுஸ்தீன், தினோக்ராத்தெஸ் காட்சியைச் சான்றாகக் காட்டி ஒருவர் வாதிட்டபோது, அந்த ஏடு திருமறை நூல் அன்று என்றார். எழுதியவர் அவளோ வேறு எவரோ என்ற பொருள்பட ஒரு சொல்லையும் சேர்த்தார். பெயரைப் போற்றிய வாயே எழுத்தின் உரிமையை ஐயத்தில் நிறுத்தியது.

அதன்பின் சுருக்க வடிவங்கள் தோன்றின. அவளது தன்மை நடை போய், கேள்வியும் பதிலுமான விசாரணை அறிக்கை வந்தது. அவள் எங்குமே குறிப்பிடாத கணவன், அங்கே பெற்றோரோடு வந்து நிற்கிறான். இந்தச் சுருக்கங்களே இடைக்காலத்தில் பல மடங்கு அதிகமாகப் படியெடுக்கப்பட்டன. மூல ஏட்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படிகளே மிஞ்சின. 17ஆம் நூற்றாண்டில்தான் வத்திக்கான் நூலகர் லூக்காஸ் ஹோல்ஸ்தேனியுஸ், மோந்தே கசீனோ மடத்தில் முழுமையான இலத்தீன் படியைக் கண்டார். அவர் இறந்த பின் 1663இல் அது அச்சேறியது. 1889இல் எருசலேம் நூலகம் ஒன்றில் ரெண்டல் ஹாரிஸ் என்ற அறிஞர் கிரேக்க வடிவத்தைக் கண்டெடுத்தார். இலத்தீனே மூலம் என்பது இன்று பெரும்பாலான அறிஞர் முடிவு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பீடங்களில் அவள் பெயரை உச்சரித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவள் எழுதிய ஒரு வரியையும் அறிந்திருக்க வழியில்லை.

7. அருகிப்போன பெயர்

அந்த ஏழு பெயர்களை மீண்டும் பாருங்கள். லூசி, ஆக்னஸ், செசிலி ஆகியவை ஐரோப்பா முழுதும் பரவி, நம் வீடுகளிலும் புழங்குகின்றன. பெர்பெத்துவா மட்டும் ஏன் அரிதானாள்?

காரணங்கள் பல என்று கருதுகிறேன். இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில் இச்சொல் அன்றாட உரிச்சொல்லாகவே வாழ்கிறது. பெயருக்குரிய தனிமை அதற்கு வாய்ப்பதில்லை. அவளது விழாநாளிலேயே, 1274 மார்ச் 7இல், தாமஸ் அக்குவினாஸ் இறந்தார். அந்தப் பேரறிஞரின் விழா முன்னே வர, இவர்களது நாள் சிறு நினைவாகச் சுருங்கியது. 1908இல் அதை மார்ச் 6க்கு மாற்றினார்கள். 1969 வழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் அக்குவினாஸின் விழா ஜனவரி 28க்குப் போக, மார்ச் 7 மீண்டும் இப்பெண்களுக்கு வந்தது.

இத்தாலியில் இன்னொன்று நடந்தது. அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி 1827இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில், தோன் அபோந்தியோ என்ற பங்குக் குருவின் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பெர்பெத்துவா என்று பெயர். நாற்பதைத் தாண்டிய, மணமாகாத, மனத்தில் பட்டதைப் பேசிவிடுகிற பெண். நாவல் ஊரெங்கும் பரவியது. அதன் விளைவாக இத்தாலிய மொழியில் குருமனைப் பணிப்பெண் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ‘பெர்பெத்துவா’ ஆகிவிட்டது. அகராதியிலும் அப்பொருள் ஏறியது. அதன்பின் மகளுக்கு அப்பெயரை இடப் பெற்றோர் தயங்கியிருந்தால் வியப்பில்லை.

1920களின் இறுதியில் இங்கிலாந்தில் மானோடைப் நிறுவனத்துக்காக எரிக் கில் வரைந்த அச்செழுத்துக்கும் பெர்பெத்துவா என்றே பெயர் வைத்தார்கள். அந்த எழுத்தில் முதலில் அச்சிட்ட நூல்களுள், வால்டர் ஷூரிங் ஆங்கிலத்தில் பெயர்த்த அவளது சிறை ஏடும் ஒன்று. நெடுங்காலம் பிரிந்துகிடந்த பெயரும் எழுத்தும் அந்த ஒரு நூலில் கூடிநின்றன.

8. நாம் செய்ய வேண்டியது

பெயருக்குள் பெற்றோர் ஒரு விருப்பத்தை வைக்கிறார்கள். அதற்குப் பொருள் கொடுப்பது, அதைத் தாங்கியவரின் வாழ்வு. அந்தப் பொருள் நமக்குத் தெரிய வேண்டுமானால், வாழ்ந்தவரின் சொல் நமக்குக் கிடைக்க வேண்டும். பெர்பெத்துவாவின் பெயரை வழிபாடு காத்தது, ஓவியம் காத்தது, கல்வெட்டு காத்தது. ஆனால் குடுவையைக் காட்டிப் பேசிய பெண்ணை, தம்பியின் தாகத்துக்காக அழுத அக்காவை, குழந்தையின் பசியை எழுதிய தாயைக் காத்தது ஒரு தொகுப்பாளரின் நேர்மையும், பெயர் தெரியாத சில படியெடுப்போரின் உழைப்பும்தான். அவளைத் திருத்தாமல், அவள் குரலைத் தம் குரலாக்காமல் அந்தத் தொகுப்பாளர் நமக்குத் தந்தார். பதிப்புத் துறையில் இருப்போர்க்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை இந்த அவையின்முன் வைக்கிறேன். முதலாவது: பெண்களின் பெயரால் கட்டடங்களும் பரிசுகளும் பொழிவுகளும் நிறுவும் நாம், பெண்கள் எழுதியவற்றைத் தேடிச் சேர்ப்பதையும் அதே அளவு கடமையாகக் கொள்வோம். கடிதம், நாட்குறிப்பு, செலவுக் கணக்கு, செபக் குறிப்பு, எதுவாயினும் சரி. எழுத்துப்பிழையோடு இருந்தால் பிழையோடே காப்போம். சுருக்கி அழகுபடுத்தினால் என்ன நேரும் என்பதைப் பெர்பெத்துவாவின் இடைக்காலச் சுருக்கங்கள் காட்டிவிட்டன.

இரண்டாவது, மாணவர்களுக்கு. வீரமாமுனிவர் தமிழின் பேச்சுமொழிக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அது அச்சானது. தமிழை இலத்தீனுக்குக் கொண்டுசென்ற அந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் நாம் நடக்கலாம். இலத்தீன் கற்றுக்கொள்ளுங்கள். பெர்பெத்துவா எழுதியவை எட்டே இயல்கள், எளிய நடை, அலங்காரமற்ற சொற்கள். உங்களுள் ஒருவர் அதை மூலத்திலிருந்து நேரே தமிழாக்க வேண்டும். குறிப்பாக, தாய்மையையும் அச்சத்தையும் அவள் எழுதிய வரிகளை, நம் பெண்கள் பேசும் தமிழில் ஒரு பெண்ணே பெயர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அரங்கில் நடப்பதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்ற பொருளில் சொல்லித்தான் அவள் தன் பகுதியை முடிக்கிறாள். அந்த அழைப்பு இன்றும் திறந்தே இருக்கிறது. அதை ஏற்கும் உரிமை தமிழுக்கும் உண்டு.